அப்ளைடா வெர்டஃபோரா: முதலாளிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

அமெரிக்காவில் ஒரே கம்பெனிக்கென்று இல்லாமல் பல இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பாலிசிகளையும் விற்கும் ஏஜென்சிகள் ஏராளம். அவர்களுடைய வாடிக்கையாளர் விவரம், கமிஷன் கணக்கு, ரினியூவல் தேதி எல்லாம் பெரும்பாலும் இரண்டு கம்பெனிகளின் சாஃப்ட்வேரில்தான் இருக்கும். ஒன்று அப்ளைட் சிஸ்டம்ஸின் எபிக், இன்னொன்று வெர்டஃபோரின் ஏஎம்எஸ்360. இந்தியாவில் இருந்தபடி அமெரிக்க ஏஜென்சிகளுக்குப் பின்னணி வேலை பார்ப்பவர்களுக்கும் இந்த இரண்டு திரைகளும் பழக்கம். எதில் வேலை சுலபம் என்ற சண்டை ஓயாது, அதை விடுங்கள். இவற்றின் முதலாளிகள் யார், எப்படி மாறினார்கள் என்பதை மட்டும் பார்க்கலாம், சுவாரஸ்யம் அங்கேதான் இருக்கிறது.

அப்ளைட் 1983-இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய கம்பெனி. 2004-இல் விஸ்டா என்ற ஃபண்டு, அதாவது கம்பெனிகளை வாங்கிச் சில வருடம் கழித்து விற்கும் முதலீட்டு நிறுவனம், அதை வாங்கியது, 2006-இல் பெய்ன் கேபிட்டல் என்ற இன்னொரு ஃபண்டுக்கு விற்றுவிட்டது. பெய்ன் அதை 2013-இல் ஹெல்மன் அண்ட் ஃப்ரீட்மேன் என்ற ஃபண்டுக்கு சுமார் 180 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டது, கூடவே ஜேஎம்ஐ என்ற சிறிய நிதி நிறுவனமும் சேர்ந்துகொண்டது. 2018-இல் கூகுளின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த கேபிட்டல்ஜி ஒரு சிறு பங்கு எடுத்தது.

சரி, வெர்டஃபோருக்கு வருவோம். முன்பு அதன் பெயர் ஏஎம்எஸ் சர்வீசஸ். 2004-இல் அதை வாங்கியது யார் தெரியுமா? அதே ஹெல்மன், அதே ஜேஎம்ஐ. 2010-இல் டிபிஜி என்ற ஃபண்டு சுமார் 140 கோடி டாலர் கொடுத்து வாங்கியது, 2016-இல் 270 கோடிக்கு விற்றது. வாங்கியவர்கள் பெய்னும் விஸ்டாவும், அதாவது அப்ளைடின் இரண்டு பழைய முதலாளிகளும் கைகோத்துக்கொண்டு! வெளியே ஜென்மப் போட்டியாளர்கள், முதலாளிகள் மட்டத்தில் பார்த்தால் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள். இந்தத் துறையில் எவ்வளவு லாபம் வரும், வாடிக்கையாளர் லேசில் விலகமாட்டார் என்பதையெல்லாம் ஒரு பக்கம் பார்த்தவர்களுக்கு மறுபக்கத்தை வாங்கத் தயக்கம் இருக்காதுதானே.

விலை ஏறிய விதத்தைக் கவனியுங்கள். 140 கோடி, பிறகு 270, பிறகு 2020-இல் ரோப்பர் டெக்னாலஜிஸ் கொடுத்த 535 கோடி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஓர் ஏஜென்சி சாஃப்ட்வேரை மாற்றுவது வலிக்கும் வேலை என்பதுதான் இதற்குப் பெரிய காரணம் என்பேன்: பல வருடத் தரவை வேறு சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோக வேண்டும், ஊழியர்களுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அதனால் சந்தா ஏறினாலும் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவார்கள். முதலீட்டாளர் அதற்குத்தான் காசு கொடுக்கிறார்.

ஆனால் ரோப்பர் வேறு வகை. அது ஃபண்டு இல்லை, பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி. இப்படித் துறைக்கொரு சாஃப்ட்வேர் கம்பெனியை வாங்கி, விற்கும் தேதி எதுவும் குறிக்காமல் வைத்துக்கொள்வது அதன் பழக்கம். வெர்டஃபோருக்கு இனி நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை புது முதலாளி வரும் தலைவலி குறையும். அதற்காகக் கைமாறிய காலம் சுகமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, வெர்டஃபோரிடம் இருந்த டெக்ஸாஸ் ஓட்டுநர்கள் சுமார் 2.77 கோடிப் பேரின் உரிம விவரங்கள் பாதுகாப்பில்லாத சேமிப்பகத்தில் கிடந்தன. அது பெய்ன்-விஸ்டா காலம். நவம்பரில் விஷயம் வெளியே வந்தபோது பதில் சொல்ல வேண்டிய வீடு ரோப்பருடையது.

அப்ளைடின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 2013-இல் ஐவன்ஸை வாங்கியது. இன்சூரன்ஸ் கம்பெனிகளிடமிருந்து பாலிசித் தகவல் ஏஜென்சியின் சிஸ்டத்தில் தானாக இறங்குமே, அந்தக் குழாய் ஐவன்ஸுடையது, வெர்டஃபோர் வைத்திருக்கும் ஏஜென்சிகளும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. போட்டியாளரின் வீட்டுக்குத் தண்ணீர் விடும் குழாயை வாங்கியதுதான் இந்த மொத்தக் கதையிலும் சாமர்த்தியமான காரியம் என்று எனக்குப் படுகிறது. அப்புறம் 2021-இல் ஈசிலிங்க்ஸையும் சேர்த்துக்கொண்டது.

முதலாளியை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால் நான் வெர்டஃபோர் பக்கம். பரபரப்பு இருக்காது, ரோப்பருக்கு வேண்டியது ஒழுங்காக வரும் பணம். அப்ளைடில் ஹெல்மன் நுழைந்து பத்து வருடம் தாண்டிவிட்டது, ஒரு ஃபண்டுக்கு இது நீண்ட காலம், என்றைக்கானாலும் விற்றுத்தான் ஆக வேண்டும். ஆகவே எபிக்கில் கையெழுத்துப் போடப்போகிறவர் டெமோவில் மயங்குவதற்கு முன் இரண்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்: ரினியூவலில் கட்டணம் அதிகபட்சம் எத்தனை சதவீதம் ஏறலாம், விலகினால் தரவை எந்த வடிவத்தில் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள்.