நெட்வொர்க்கிங் பயிற்சி, வேலை உத்தரவாதம்: என் தம்பிக்கு நேர்ந்தது

கடந்த வாரம் தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டில் ஓர் இளைஞர் என் கையில் ஒரு துண்டறிக்கையைக் கொடுத்தார். ‘நெட்வொர்க் இன்ஜினியர் ஆகுங்கள், நூறு சதவீத வேலை உத்தரவாதம், கட்டணம் மாதத் தவணையில்’ என்று அச்சிட்டிருந்த அந்தத் தாளில் தேதியைத் தவிர ஒரு வரிகூட மாறவில்லை. சென்ற ஆண்டு இதே தாளை நம்பித்தான் என் தம்பி 78,000 ரூபாயையும் ஏழு மாதங்களையும் இழந்தான். வழக்கு நிலுவையில் இருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். நாளை வேறு பெயர்ப்பலகையோடு வேறு மாடியில் திறந்தாலும், ஏமாற்றும் முறை இதுவாகத்தான் இருக்கும்.

நாங்கள் கொருக்குப்பேட்டையில் வசிக்கிறோம். அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். நான் ராயபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தம்பி அரசு கலைக் கல்லூரியில் கணினி அறிவியல் முடித்தபோது, நிரல் எழுதும் வேலைகளுக்குப் புதியவர்களை எடுப்பது குறைந்துகொண்டே வருகிறது, செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இன்னும் குறையும் என்ற பேச்சுதான் அவனுடைய நண்பர்களிடையே இருந்தது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கக் கம்பியையும் கருவியையும் கையால் தொட்டுச் செய்யும் நெட்வொர்க்கிங் வேலையை எந்த மென்பொருளும் பறித்துவிடாது என்று அவன் நினைத்தான். அந்த நினைப்பில் பாதி உண்மை இருக்கிறது என்பதால் இன்றும் அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

துண்டறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் அந்தப் பாதி உண்மையைத்தான் தூண்டிலாகப் போட்டார்கள். ஒரு துணிக்கடையின் இரண்டாம் மாடியில் இருந்த அந்த நிறுவனத்தில் எங்களை உட்காரவைத்துப் பேசிய ஆலோசகர், சென்னையில் இணையத்துக்கான கடலடிக் கேபிள்கள் கரையேறுவதையும், 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அந்தமானுக்கு இங்கிருந்து கேபிள் இணைப்பு தொடங்கியதையும், அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் சர்வர்களை வைத்திருக்கும் தரவு மையங்கள் எழும்பியிருப்பதையும் வரைபடத்தில் காட்டினார். அவர் காட்டியவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நகரத்தில் தரவு மையம் இருப்பதற்கும், அந்த மாடியில் படித்தவருக்கு அங்கே வேலை கிடைப்பதற்கும் இடையே என்ன தொடர்பு என்று கேட்க எங்கள் இருவருக்கும் அன்று தோன்றவில்லை.

நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படைச் சான்றிதழான சிசிஎன்ஏ, அதற்கு மேல்நிலையான சிசிஎன்பி, ஊடுருவலைத் தடுக்கும் ஃபயர்வால் ஆகிய மூன்றுக்கும் பயிற்சி சேர்ந்து 78,000 ரூபாய் என்றார்கள். சீட்டுப் பணத்திலிருந்து 15,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். மீதி 63,000 ரூபாயை மாதம் 5,250 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டலாம், வட்டியே கிடையாது என்றார்கள். “அக்கா, உங்க போனுக்கு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்க, ஃபீஸ் பதிவு பண்றதுக்குத்தான்” என்று அந்த ஆலோசகர் சொன்னார். என் ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் ஏற்கெனவே வாங்கியிருந்தார். மூன்று முறை ஓடிபி வந்தது, மூன்று முறையும் சொன்னேன். கணக்கு எழுதிப் பிழைக்கும் நானே, திரையில் வந்ததைப் படிக்காமல் சொன்னேன் என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

அந்த மூன்று ஓடிபி எண்களின் மூலம் நான் ஒரு கடன் நிறுவனத்திடம் என் பெயரில் கடன் வாங்கி, என் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தவணையைத் தானாகவே எடுத்துக்கொள்ள அனுமதியும் கொடுத்திருக்கிறேன். முதல் தவணை பிடிக்கப்பட்ட செய்தி கைப்பேசியில் வந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. இதன் உட்பொருளைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். மாணவர் மாதாமாதம் கட்டணம் கட்டினால், வகுப்பு மோசமாகும் மாதத்தில் அவர் பணத்தை நிறுத்திக்கொள்ளலாம். அந்தப் பயமாவது நிறுவனத்துக்கு இருக்கும். கடனாக்கிவிட்டால், கடன் நிறுவனம் வட்டிக்கு ஈடான தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை மொத்தமாகப் பயிற்சி நிறுவனத்திடம் கொடுத்துவிடுகிறது. அதன்பின் ஆசிரியர் வந்தாலும் வராவிட்டாலும் பயிற்சி நிறுவனத்துக்கு இழப்பில்லை. தவணையை நிறுத்தினால் கெடுவது நம்முடைய கடன் மதிப்பெண். இணையவழிக் கடன்களை, அபராதமின்றி அசலையும் அதுவரையான வட்டியையும் திருப்பிக் கொடுத்து விலகிக்கொள்ள ரிசர்வ் வங்கியின் விதிகள் தொடக்கத்தில் ஒரு குறுகிய அவகாசம் தருகின்றன. கடன் என்றே தெரியாதவருக்கு அந்த அவகாசத்தால் என்ன பயன்?

வகுப்புகள் மூன்று வாரம் நன்றாகவே நடந்தன. நான்காம் வாரம் ஆசிரியர் விலகினார். அடுத்து வந்தவர் முந்தைய ஆண்டில் அதே இடத்தில் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் அங்கேயே ஆசிரியராக ஆக்கப்பட்டவர் என்று பின்னால் தெரிந்தது. ஆய்வகத்தில் வலைப்பின்னல்களை ஒன்றோடொன்று இணைக்கும் ரவுட்டர்கள் பழையவை இரண்டும், ஒரே வலைப்பின்னலுக்குள் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் ஒன்றும் இருந்தன. அவற்றில் ஒரு ரவுட்டர் கடைசிவரை இயங்கவே இல்லை. இருபத்திரண்டு பேர் முறைபோட்டுக்கொண்டு மீதமிருந்த ஒன்றின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

எங்கள் தெருவில் அம்பத்தூர் தரவு மையம் ஒன்றில் பணிபுரியும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் தம்பி தன் குறிப்பேட்டைக் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசாமல் பக்கங்களைப் புரட்டினார். பிறகு, “தம்பி, இது நான் படிச்ச காலத்துப் பாடம்” என்றார். நிறுவனம் கொடுத்த புத்தகத்தின் அட்டையில் தேர்வு எண் 200-125 என்று இருந்தது. அந்தத் தேர்வு 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. மறுநாளிலிருந்து சிஸ்கோ நிறுவனம், சிசிஎன்ஏ என்ற பெயரில் தனித்தனியாக இருந்த பல பிரிவுகளை ஒன்றாக்கி, 200-301 என்ற எண்ணில் ஒரே தேர்வாக நடத்துகிறது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதன் பாடத்திட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் வலைப்பின்னல் பராமரிப்பில் எப்படிப் பயன்படுகின்றன என்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. தம்பியின் குறிப்பேட்டிலோ, பழைய வாடகை இணைப்புகளுக்கான ஃபிரேம் ரிலே பத்துப் பக்கம், ரவுட்டர்கள் தரவுக்குப் பாதை கண்டறியும் முறைகளான ஆர்ஐபி எட்டுப் பக்கம், ஈஐஜிஆர்பி பன்னிரண்டு பக்கம். இன்றைய சிசிஎன்ஏ பாடத்திட்டத்தில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

அடிப்படை மாறவில்லை என்பதையும் அந்த அண்ணனே சொன்னார். ஐபி முகவரியைப் பிரிக்கும் சப்நெட் கணக்கு, ஒரே ஸ்விட்சைப் பல தனி வலைப்பின்னல்களாகப் பிரிக்கும் விலேன், பாதை கண்டறியும் முறையான ஓஎஸ்பிஎஃப், கேபிளின் முனையில் இணைப்பியைப் பொருத்தும் கிரிம்பிங் ஆகியவை இல்லாமல் யாரும் இந்தத் தொழிலில் நிற்க முடியாது. மாறியிருப்பது வேலை செய்யும் விதம். முன்பு ஐம்பது ஸ்விட்சுகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நுழைந்து கட்டளை அடித்தார்கள். இப்போது ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளிலிருந்தோ, பைத்தானில் எழுதிய சிறு நிரலிலிருந்தோ, ஆன்சிபிள் போன்ற கருவியிலிருந்தோ ஐம்பதையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறார்கள். கிளை அலுவலகங்களைத் தனி வாடகை இணைப்புகளால் கோத்த இடத்தில், சாதாரண இணைய இணைப்பின் மேலேயே, கிளைகளை மென்பொருளால் இணைக்கும் எஸ்டி-வேன் ஓடுகிறது. அலுவலகத்தின் சர்வர் அறை கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினிகளுக்குப் போன பின், அங்கேயும் சப்நெட்டும் பாதை அமைக்கும் ரூட்டிங்கும் ஃபயர்வாலும் இருக்கின்றன, ஆனால் கையில் தொடக் கருவி இல்லை. எச்சரிக்கை விளக்கைப் பார்த்துக்கொண்டு இரவு முழுவதும் திரை முன் உட்கார்ந்திருக்கும் முதல்நிலைக் கண்காணிப்பு வேலைதான் வேகமாகச் சுருங்குகிறது என்றும், தம்பியின் நிறுவனம் வாக்களித்த வேலை அதுவே என்றும் அவர் சொன்னார். நிரல் எழுதுவதிலிருந்து தப்பிக்கத்தான் தம்பி இந்தத் துறைக்கு வந்தான். இங்கும் ஓரளவு நிரல் தெரிந்திருக்க வேண்டும் என்பதை 78,000 ரூபாய் வாங்கியவர்களில் ஒருவர்கூட அவனிடம் சொல்லவில்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

சான்றிதழ் பற்றியும் எழுத வேண்டும். ‘பன்னாட்டுச் சான்றிதழ் உட்பட’ என்று ரசீதில் இருந்ததால், சிஸ்கோ தேர்வுக் கட்டணமும் அதில் அடக்கம் என்று நினைத்தோம். பயிற்சி முடிந்த நாளில் பளபளக்கும் தாளில் அவர்களே அச்சிட்ட சான்றிதழ் ஒன்றைத் தந்தார்கள். உண்மையான தேர்வுக்கு 300 அமெரிக்க டாலரும் வரியும் தனி. தேர்வரே தன் பெயரில் கணக்குத் தொடங்கி, பியர்சன் வியூ என்ற தேர்வு நிறுவனத்தின் மூலம் நாள் குறித்து, அடையாள அட்டையுடன் 120 நிமிடம் எழுத வேண்டும். முடிவு அவருடைய கணக்கிலேயே வரும், தேறினால் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். நாங்கள் கேட்டபோது, வெளியான வினாக்களின் தொகுப்பு என்று ஒரு கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதை மனப்பாடம் செய்துவிட்டு உங்கள் செலவில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்படி எழுதியது தெரியவந்தால் சான்றிதழ் ரத்தாவதோடு மீண்டும் எழுதவும் தடை வரலாம். சிசிஎன்ஏ இல்லாமல் சிசிஎன்பி எழுத முடியாது என்று சொல்லி மூன்றையும் சேர்த்து விற்றதும் பொய்தான். அந்த நிபந்தனை 2020லேயே நீக்கப்பட்டுவிட்டது.

‘வேலை உத்தரவாதம்’ என்பது கிண்டியில் கடன் அட்டை விற்கும் தொலைபேசி வேலைக்கான ஒரு நேர்காணலாக வந்தது. தம்பி மறுத்ததும், வேலை வாய்ப்பை நிராகரித்தவர் என்று எழுதி அவனிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அவன் போடவில்லை. அதற்கடுத்த வாரம், 20,000 ரூபாய் கொடுத்தால் இரண்டு ஆண்டு அனுபவச் சான்று தருவதாக ஒருவர் அழைத்தார். சுவரில் ‘எங்கள் வெற்றியாளர்கள்’ என்று மாட்டியிருந்த படங்களில் ஒன்று தண்டையார்பேட்டைப் பையன் ஒருவனுடையது. தம்பி அவனைத் தேடிப் பிடித்துக் கேட்டான். அவனுடைய வேலை கல்லூரி வளாகத் தேர்வில் கிடைத்தது. பயிற்சியில் சேர்ந்த நாளன்று அடையாள அட்டைக்கு என்று எடுத்த படத்தைத்தான் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. வேலை உறுதி என்று பொய்யாக விளம்பரம் செய்வதையும், வெற்றி பெற்றவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் அவர் படத்தைப் போடுவதையும் அது தடை செய்கிறது. ஐம்பது மாணவர்களுக்கு மேல் உள்ள மையங்களுக்கு இது பொருந்தும். நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பயிற்சி நிறுவனம், இணையத்தில் நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் 12,000 ரூபாய் தருவதாகச் சொன்னது. ஏற்கவில்லை. கடன் நிறுவனமோ, வகுப்புக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று எழுதியது. அதன்பேரில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் அளித்தேன். கடன் நிறுவனத்துக்கு எழுதி முப்பது நாளாகியும் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும் அங்கே போகலாம்.

பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்தேன். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ரசீது, துண்டறிக்கை, வாட்ஸ்அப் உரையாடல், பாடப் புத்தகத்தின் அட்டை, வங்கிக் கணக்கு விவரம் ஆகிய ஐந்தும் என் கையில் இருந்ததால்தான் மனு நிலைத்து நின்றது. உடன் படித்த பலர் துண்டறிக்கையைத் தூக்கிப் போட்டிருந்தார்கள், அவர்களிடம் வாக்குறுதிக்குச் சான்றே இல்லை.

தம்பி இப்போது திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பிராட்பேண்ட் சேவையில் களப்பணியாளராக இருக்கிறான். அறுந்த ஃபைபரை ஸ்ப்ளைசிங் செய்து ஒட்டவும், ஒளியின் இழப்பை மீட்டரில் அளந்து பழுதான இடத்தைக் கண்டுபிடிக்கவும் இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டான். இரவில் சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கட்டணமின்றிக் கிடைக்கும் பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருளில், திரையிலேயே கருவிகளை இணைத்துப் பயிற்சி செய்கிறான். அந்த மாடியில் ஒரு ரவுட்டருக்காக இருபத்திரண்டு பேர் காத்திருந்தார்கள், இதில் அவன் ஒருவனே இருபது ரவுட்டர்களை இணைத்துப் பார்க்கிறான். பைத்தானைத் தெருவில் உள்ள அண்ணனிடம் ஞாயிறுதோறும் படிக்கிறான். தேர்வுக் கட்டணத்துக்காகச் சம்பளத்தில் மாதம் 3,000 ரூபாய் எடுத்துவைக்கிறான்.

படிக்கட்டில் வாங்கிய துண்டறிக்கையின் பின்புறம் கிடைத்த நாளையும் இடத்தையும் எழுதி, கோப்பில் பழைய துண்டறிக்கைக்கு அடுத்ததாக வைத்திருக்கிறேன். அடுத்த விசாரணையில் இரண்டையும் சேர்த்துத் தாக்கல் செய்யப்போகிறேன்.