ஓர்தாக்கோய் மசூதி, இஸ்தான்புல்: கண்டிப்பா போங்க

பாஸ்பரஸ் ஜலசந்தித் தண்ணிய ஒட்டியே நிக்குது, பெரிய பெரிய ஜன்னல், உள்ள உட்கார்ந்தா தண்ணி வெளிச்சம் அப்படியே கொட்டுது. ஒட்டோமான் சுல்தான் அப்துல்மெசித் 1850கள்ல கட்டினது, டிசைன் பண்ணது பால்யான்ங்கற ஆர்மீனியக் குடும்பம். இது பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல, 1894 பூகம்பத்துல மினார் போச்சு, அஸ்திவாரம் வேற வீக்குன்னு 1960கள்ல பலப்படுத்தினாங்க, 1984ல தீ விபத்து, அதுக்கப்புறமும் 2011ல மூடி ரிப்பேர் பண்ணி 2014லதான் திறந்தாங்க. இப்ப பளிச்சுனு இருக்கு, எனக்கென்னவோ கொஞ்சம் ஓவர் பளிச்! நாங்க போன போட்காரர்தான் கரைப்பக்கம் கூட ஒதுக்காம விர்ருனு ஓட்டிட்டுப் போயிட்டார், அதனால நடந்தே போங்க. தொழுகை நேரம் பார்த்துக்கோங்க, பெண்கள் தலைக்கு ஷால் எடுத்துக்கோங்க. வெளிய கும்பிர்ங்கற சுட்ட உருளைக்கிழங்கு விக்கறாங்க, ஒண்ண ரெண்டு பேர் சாப்பிடலாம். என் மார்க் அஞ்சுக்கு நாலரை.