சீக்குக் கோழிக்குச் சூடு: குண்டு பல்பா, வெந்நீர்ப் பையா?

போன ஐப்பசியில், மழை விடாமல் ஊற்றிய வாரத்தில், எங்கள் கருப்பி இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூண்டு மூலையில் நின்றது. மற்றதெல்லாம் கேரட் தோலுக்கு அடித்துக்கொள்ள, இது மட்டும் கண்ணை மூடி மூடித் திறந்தது. தூக்கினால் கனமே இல்லை. நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி விரலில் தட்டுப்பட்டது. காலைத் தொட்டேன், குழாய்த் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது.

கோத்தகிரிப் பக்கம் கோழி வளர்ப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கீழே மேட்டுப்பாளையத்தில் இருக்கிற என் தங்கை செய்வதுபோல, பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் வைத்தால் இங்கே போதாது. கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரியை ஒட்டி இருக்கவேண்டும். அந்த வாரம் ராத்திரியில் வெளியே 11, 12 டிகிரி. இரை எடுக்காத கோழி தன் சதையைக் கரைத்துத்தான் அந்தக் குளிரைச் சமாளிக்கும். அதனால் மலையில் மருந்துக்கும் முன்னால் சூடு. அதை எதில் கொடுப்பது என்பதில் எங்கள் வீட்டில் மூன்று கட்சி. அத்தை கணப்புச் சட்டி என்பார். வீட்டுக்காரர் குண்டு பல்பு. நான் வெந்நீர்ப் பை. என் கட்சிக்காரியாகத்தான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கணப்புச் சட்டி வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரி கனன்றால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மனிதரையே தூக்கத்தில் கொண்டுபோய்விடும். பறவைக்கு அது இன்னும் சீக்கிரம் ஏறும். அந்தக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கூண்டில் கேனரிக் குருவியைக் கொண்டுபோனது இதற்காகத்தான். “நாங்க எல்லாம் வைக்கலையா?” என்று அத்தை கேட்டார். “அப்போ ஓட்டு வீடு அத்தை, சந்து வழியா எல்லாம் போயிடும். இப்போ கான்கிரீட்டு, கண்ணாடி ஜன்னல்.” அவர் ஒத்துக்கொள்ளவில்லை; சட்டியையும் எடுக்கவில்லை.

பல்புக்கு நியாயமாக நிறையச் சொல்லலாம். அட்டைப்பெட்டியின் ஒரு ஓரத்தில் 60 வாட் பல்பைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். கோழிக்குச் சூடு அதிகமானால் மறு ஓரத்துக்கு நகர்ந்துகொள்ளும், நாமும் தூங்கலாம். சீக்குக் கோழிக்குப் பெட்டிக்குள் 27 முதல் 30 டிகிரி இருந்தால் நல்லது. பல்பை ஏற்றி இறக்கி அதைப் பிடித்துவிடலாம். வாயைத் திறந்து இளைத்து, இறக்கையை உடம்பை விட்டு விரித்தால் அதிகம் என்று அர்த்தம். மின்செலவு ஒரு பொருட்டே இல்லை, 12 மணி நேரத்துக்கு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. ஒரே தொல்லை, கடையில் பல்பு என்று கேட்டால் எல்இடியைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அது வெளிச்சம் தரும், கோழிக்குக் காணும் அளவு சூடு தராது. இழையுள்ள பழைய குண்டு பல்பு என்று அழுத்திக் கேட்கவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சிவப்புக் கோழிக்கு நாங்கள் வைத்ததும் பல்புதான். இரண்டு ராத்திரி நன்றாகப் போயிற்று. மூன்றாம் ராத்திரி காற்றடித்து, எங்கேயோ கற்பூர மரம் சாய்ந்து லைன் போயிருக்கிறது. நாங்கள் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தோம், எங்களுக்குத் தெரியாது. விடியற்காலையில் பார்த்தபோது பெட்டி குளிர்ந்து கிடந்தது, கோழி விறைத்திருந்தது. மின்சாரம் போகாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா? அடித்துச் சொல்லமாட்டேன், அது ஏற்கெனவே மோசமாகத்தான் இருந்தது. ஆனால் மழைக்காலத்தில்தான் கோழிக்குச் சீக்கு வருகிறது, மழைக்காலத்தில்தான் இங்கே மரம் விழுகிறது. பல்பு நம்மைத் தூங்கவிடும். அது அணைந்தாலும் நாம் தூங்கிக்கொண்டுதான் இருப்போம்.

இன்னொன்று, வெளிச்சம். கோழி இருட்டில்தான் அடங்கும். ராத்திரி முழுக்கப் பளீரென்று எரிந்தால் அரைத் தூக்கம்தான். வைக்கோல் பல்பில் பட்டால் தீப்பிடிக்கும் என்பதும் இருக்கிறது.

இப்போது என் பை. மருந்துக்கடையில் கிடைக்கும் இரண்டு லிட்டர் ரப்பர் பைதான். கோத்தகிரி உயரத்துக்குத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், கொஞ்சம் ஆறவிட்டு, முக்கால் பை நிரப்பி, மீதிக் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடவேண்டும். மேலே பழைய கம்பளித் துண்டு இரண்டு சுற்று. என் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சுகமாக இருந்தால்தான் கோழிப் பக்கத்தில் வைப்பேன். பெட்டியில் பாதி இடம் பை, பாதி இடம் வெறும் வைக்கோல். மேலே சாக்கு, மூச்சுக்கு ஒரு ஓரம் திறந்து. குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன், சுருங்கிக் கோணி ஒழுகி, வைக்கோலெல்லாம் ஈரம். நனைந்த கோழிக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

கணக்குப் போட்டால் பைதான் தோற்கும். பை ஆறி முடிக்கும்வரை விடுகிற மொத்தச் சூட்டையும் 60 வாட் பல்பு சுமார் இரண்டு மணி நேரத்தில் தந்துவிடும். ஆனால் பல்பு பெட்டிக் காற்றையெல்லாம் சூடாக்குகிறது. பையோ கோழியின் வயிற்றை ஒட்டியே கிடக்கிறது. கருப்பி முதல் ராத்திரியே அதன்மேல் அடைக்கோழி மாதிரிப் பரப்பி உட்கார்ந்துகொண்டது.

இதன் பெரிய குறை, பை மூன்று நாலு மணி நேரத்தில் ஆறிவிடும். ஆறின பை சும்மா கிடக்காது, கோழியின் சூட்டையே இழுத்துக்கொள்ளும். அதனால் ஒன்பதரைக்கு வைத்தால் ஒரு மணிக்கு எழுந்து மாற்றவேண்டும், மறுபடி நாலரைக்கு. எழ முடியாது என்பவர்கள் தயவுசெய்து பல்பே வையுங்கள். பகலில் யாரும் வீட்டில் இல்லாதவர்களுக்கும் அதேதான். எனக்கு அந்த எழுவதுதான் கைகொடுத்தது. எழுந்த கையோடு காலைத் தொட்டுப் பார்ப்பேன், எச்சம் எப்படிப் போயிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன், அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அலகை விரித்து ஊற்றக்கூடாது. மூச்சுத்துளை நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால் அதுவே நாக்கைச் சப்பி விழுங்கும். பல்பு வைத்த நாட்களில் கோழிக்குத் தண்ணீர் கொடுக்க ராத்திரியில் நான் எழுந்ததே இல்லை.

சூடு ஏறும்வரை இரையை மட்டும் திணிக்காதீர்கள். குளிர்ந்த கோழிக்குக் கழுத்தடிப் பையில் இரை நகராது, அப்படியே தங்கிப் புளித்துவிடும். கருப்பிக்குக் கால் வெதுவெதுப்பான பிறகுதான், மறுநாள் மதியம், வேகவைத்த மஞ்சள் கரு கொஞ்சம் பிசைந்து கொடுத்தேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். மறுநாள் காலையிலேயே எச்சத்தைக் காகிதத்தில் மடித்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன்; குடல்புழு என்று மருந்து கொடுத்தார்கள். கோழி பிழைத்ததில் பைக்கு எவ்வளவு பங்கு, மருந்துக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பல்பில் ஒரு கோழி, பையில் ஒரு கோழி, என் அனுபவம் அவ்வளவே. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதற்குத் தடுப்பூசி உண்டு, வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. அப்போது பல்பா பையா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், மற்றதைப் பிரித்துவைத்துவிட்டு கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குக் கூப்பிடுங்கள். குஞ்சுகளுக்கும் நான் பை சொல்லமாட்டேன், அதுகளுக்குப் பல்புதான்.

தேறின கோழியை அன்றைக்கே கூண்டில் விடவும் கூடாது. முதல் நாள் பையில் சூட்டைக் குறைத்தேன், அடுத்த நாள் ராத்திரிக்கு மட்டும் வைத்தேன், அப்புறம் எடுத்துவிட்டேன். அந்தக் கடைசி ராத்திரி, பழக்கத்தில் ஒரு மணிக்கு விழிப்பு வந்து போய்ப் பார்த்தால் பெட்டி காலி. டார்ச்சைச் சுற்றி அடித்தேன். அத்தையின் கணப்புச் சட்டி அடுப்படி மூலையில் சாம்பலோடு கிடந்தது, அதற்குள் கருப்பி.

காலையில் அத்தை அதைப் பார்த்தார். என்னைத்தான் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.