சாஃப்டி மெஷின்: தினமும் கழற்றிக் கழுவுவதா, சூடாக்கிக்கொள்ளும் மெஷினா?

சாஃப்டி, அதாவது கோனில் பிழியும் மென்மையான ஐஸ்கிரீம் மெஷின் வாங்கப் போகிறவர்கள் டீலரிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மணிக்கு எத்தனை கோன் வரும், எத்தனை ஃபிளேவர், கரன்ட் எவ்வளவு இழுக்கும், விலையில் எவ்வளவு குறைப்பீர்கள். ராத்திரி கடை மூடின பிறகு அதை யார், எப்படிக் கழுவுவது என்று கேட்பவர்கள் அபூர்வம். ஆனால் மெஷினைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த வேலையையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

சந்தையில் இரண்டு வகை இருக்கின்றன. சாதாரண மெஷினைத் தினமும் காலி செய்து, கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். ஹீட் ட்ரீட்மென்ட் வசதியுள்ள மெஷின், ராத்திரி தானாகவே உள்ளிருக்கும் மிக்ஸை (ஐஸ்கிரீமாக உறையும் பால் கலவையை) சூடாக்கித் திரும்பக் குளிரவைத்துவிடும். முழுசாகக் கழற்றுவது பல மாடல்களில் 14 நாளைக்கு ஒருமுறைதான். எந்த மெஷினானாலும் சானிடைசர் எது என்ற கேள்வியும் கூடவே வரும். இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

முதலில், இவ்வளவு கவனம் எதற்கு? "ஐஸில் எந்தக் கிருமி வளரும்?" என்று பலர் நினைக்கிறார்கள். கோனில் வந்து விழுவதுதான் உறைந்தது. மேலே ஹாப்பரில், அதாவது மிக்ஸ் ஊற்றும் தொட்டியில், இருப்பது திரவ மிக்ஸ். பால், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்ந்தது, 5 டிகிரிக்குக் கீழே நிற்க வேண்டியது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரக்கூடியது. வால்வு நுனி, ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உட்காரும் பள்ளம், மிக்ஸ் உறையும் சிலிண்டரின் பின்பக்க சீல் போன்ற இடங்களில் பால் தங்கினால் அந்த பாக்டீரியா ஒட்டிக்கொண்டு மெல்லிய வழவழப்பான படலமாகிவிடும். படலம் உருவான பிறகு மேலே எந்த மருந்தை ஊற்றினாலும் அடியில் இருப்பதைத் தொடாது. கையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

2023இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், டகோமா நகரத்து பர்கர் கடை ஒன்றின் மில்க் ஷேக்கோடு தொடர்புடைய லிஸ்டீரியா தொற்றில் ஆறு பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களில் மூன்று பேர் இறந்துபோனார்கள். சரியாகக் கழுவப்படாத ஐஸ்கிரீம் மெஷின்களில் அந்த பாக்டீரியா இருந்ததாக மாநில சுகாதாரத் துறை கண்டறிந்தது. இந்த நோயின் அறிகுறி தெரிய 70 நாள் வரைகூட ஆகலாம். வாடிக்கையாளர் திரும்பி வந்து "உங்கள் கடையில் சாப்பிட்டதால்தான்" என்று சொல்லவே மாட்டார், அவருக்கே தெரியாது. கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையலாம். வயதானவர்களுக்கும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் உயிருக்கே ஆபத்து. புகார் வரவில்லை என்பதை மெஷின் சுத்தமாக இருப்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

தினமும் கழற்றிக் கழுவும் மெஷின்

வேலை அதிகம்தான். மிக்ஸை வடித்துவிட்டு, தண்ணீர் தெளிவாக வரும் வரை குளிர்ந்த நீரால் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் பால் புரதம் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வெதுவெதுப்பான நீரில் டிடர்ஜென்ட் கலந்து சில நிமிஷம் ஓட்டி வடிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு முன்பக்கக் கதவு, பீட்டர் (சிலிண்டருக்குள் சுழன்று மிக்ஸைக் கலக்கும் பாகம்), பிளேடு, வால்வுகள், ஏர் டியூப் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

ஓ-ரிங்குகளைக் கட்டாயம் உருவி எடுக்க வேண்டும். அவசரத்தில் பெரும்பாலும் தவறவிடப்படுவது இதுதான். வளையத்தை அப்படியே விட்டுவிட்டு மேலாகத் தேய்த்தால் அதன் அடியில் இருக்கும் பழைய கிரீஸும் பாலும் அப்படியேதான் இருக்கும். அடுத்தது சிலிண்டரின் பின்பக்கச் சுவர், பீட்டரின் தண்டு போய்ச் சேரும் துளை. கண்ணுக்குத் தெரியாத இடம். நீளமான பிரஷ் இல்லாமல் கை எட்டாது. மெஷினோடு வரும் பிரஷ் செட்டில் ஒவ்வொரு துளைக்கும் ஓர் அளவு பிரஷ் இருக்கும். அதைத் தொலைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கும் நாரால் சமாளிக்கும் கடைகள் உண்டு. நாரால் அந்தத் துளைகளைக் கழுவ முடியாது.

தேய்த்து அலசிய பாகங்களைச் சானிடைசரில் ஊறவைத்து, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். காலையில் ஃபுட் கிரேடு லூப்ரிகன்டை மெல்லிசாகத் தடவிப் பூட்டி, புதிதாகக் கலந்த சானிடைசரை ஹாப்பரில் ஊற்றி ஐந்து நிமிஷம் ஓட்டி, வால்வு வழியாகவே வடித்துவிட்டு மிக்ஸ் ஊற்ற வேண்டும். பழகின கைக்கு மொத்தமும் சுமார் ஒரு மணி நேர வேலை.

இந்த முறையின் பலம், எல்லாம் கண்ணில் படுகிறது. ஓ-ரிங் கிழிந்திருந்தால், பிளேடு தேய்ந்திருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். மெஷின் விலை குறைவு. சிறிய மாடல்கள் சிங்கிள் ஃபேஸிலேயே ஓடும். பலவீனம், முழுக்க ஓர் ஆளை நம்பியிருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்குக் களைத்துப்போன பையன் கழற்றாமல் தண்ணீர் மட்டும் ஓட்டிவிட்டுப் போனால் காலையில் யாருக்கும் தெரியாது. அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? கழுவும் நேரத்துக்கும் சேர்த்துச் சம்பளம் போட்டிருக்கிறோமா என்று முதலாளிதான் யோசிக்க வேண்டும்.

மிச்ச மிக்ஸ் விஷயமும் இதில் உண்டு. வடித்ததை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் புது மிக்ஸோடு கலப்பது பல இடங்களில் வழக்கம். தினமும் இப்படிக் கலந்துகொண்டே போனால், திங்கட்கிழமை பால் அடுத்த வாரமும் மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். கொட்டிவிடுவதே நல்லது. மனசு வராவிட்டால், வாரத்தில் ஒரு நாளாவது மிச்சம் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

சூடாக்கிக்கொள்ளும் மெஷின்

இது ராத்திரியில் ஹாப்பரிலும் சிலிண்டரிலும் உள்ள மிக்ஸை 66 டிகிரிக்குக் கொண்டுபோய் 30 நிமிஷம் வைத்திருக்கும். பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு இறக்கும். முழுச் சுற்று முடிய நாலு மணி நேரம் வரை ஆகும். மிக்ஸைக் கொட்ட வேண்டியதில்லை, தினம் கழற்ற வேண்டியதில்லை. வியாபாரம் கூடுதலாக உள்ள கடையில் மிச்சமாகும் பாலும் ஆள் நேரமும் சேர்ந்தால் மெஷினின் கூடுதல் விலையை ஈடுகட்டிவிடும். இது உண்மையான லாபம், மறுக்க முடியாது.

ஆனால் "தானே கழுவிக்கொள்ளும் மெஷின்" என்று சொல்லி விற்றால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அது கழுவவில்லை, சூடாக்குகிறது. இரண்டும் வேறு. லிஸ்டீரியா போன்றவை அந்தச் சூட்டில் சாகும். பேசில்லஸ் வகை பாக்டீரியாக்களின் விதைத்துகள்கள் (ஸ்போர்) சாகாது. பாலை விட ஐஸ்கிரீம் மிக்ஸில் கொழுப்பும் சர்க்கரையும் அதிகம். அவை கிருமிக்குக் கவசம் மாதிரி வேலை செய்வதால்தான் பாலுக்கு 63 டிகிரியில் 30 நிமிஷம் போதும் என்றால் மிக்ஸுக்கு 68 டிகிரிக்கு மேல் கேட்கிறார்கள். அதனால் காய்ச்சாத பாலை ஊற்றிவிட்டு மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கக் கூடாது. போகிற மிக்ஸ் ஏற்கெனவே பாஸ்ச்சரைஸ் ஆனதாக இருக்க வேண்டும்.

தினமும் சூடு ஏறி இறங்குவதால் பால் புரதமும் கால்சியமும் சேர்ந்து உலோகத்தில் வெள்ளையாகக் கல் மாதிரி இறுகும். இரண்டு வாரம் கழித்துக் கழற்றும்போது சாதாரண டிடர்ஜென்டுக்கு அது அசையாது; அமிலம் கலந்த கறைநீக்கி வேண்டும். பதினாலாவது நாள் வேலை, சாதாரண மெஷினின் ஒரு நாள் வேலையை விடக் கடினம். அந்த நாளைத் தள்ளிப்போட்டால் மெஷின் கொடுத்த பாதுகாப்பும் போய்விடும்.

அடுத்தது கரன்ட். நம் ஊர்க் கடைகளில் இதுதான் முடிவு செய்யும் விஷயம் என்று நினைக்கிறேன். ஷட்டரை இறக்கும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. இந்த மெஷினுக்கு அது ஒத்துவராது. ராத்திரி முழுக்க கரன்ட் வேண்டும். சுற்றின் நடுவே கரன்ட் போய், மிக்ஸ் நெடுநேரம் பாதிச் சூட்டில் நின்றுவிட்டால், மெஷின் தன்னையே பூட்டிக்கொள்ளும். அப்புறம் மிக்ஸைக் கொட்டி, முழுக்கக் கழற்றிக் கழுவினால்தான் ஓடும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான், சரியான ஏற்பாடும்கூட. ஆனால் தானாக ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டர் இல்லாத கடைக்கு இது கோடைக்காலத்தில் தலைவலி. அமெரிக்காவின் பெரிய பர்கர் கடைகளில் ஐஸ்கிரீம் மெஷின் அடிக்கடி வேலை செய்யாததற்கு இந்த ராத்திரிச் சுற்று தோற்றுப்போவதும் ஒரு காரணம். கடைக்காரரே மென்பொருள் பூட்டைத் திறந்து பழுது பார்க்கலாமா என்பது அங்கே பதிப்புரிமைச் சட்டப் பிரச்சினையாகி, 2024 அக்டோபரில்தான் சில்லறைக் கடை உணவு இயந்திரங்களுக்கு விலக்கு கிடைத்தது. இங்கே வாங்குகிறவர்கள் டீலரின் சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வர வேண்டும் என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

சானிடைசர்: எதை எடுப்பது?

கழுவி முடித்த பரப்பில்தான் சானிடைசர் வேலை செய்யும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் கணக்குதான்.

குளோரின் வகை விலை குறைவு, வேகம் அதிகம். இந்த மெஷின்களுக்கு வழக்கமான அளவு 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு. சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதத் திரவமாக இருந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. வாசனை சேர்த்த வீட்டு ப்ளீச் கூடாது. இந்தத் திரவத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, வெயிலிலும் சூட்டிலும் வீரியம் இழக்கும். மே மாதத்தில் கடைப் பின்புறத் தகரக் கூரைக்கு அடியில் கிடந்த கேனில் லேபிள் சொல்லும் சதவீதம் இருக்காது. இன்னொன்று, நீரின் காரத்தன்மை. கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம், காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.5இல் பாதியளவு இருக்கும், 8.5க்குப் போனால் சுமார் பத்தில் ஒரு பங்குதான். காரமான போர் தண்ணீரில் கலந்தால் வேலை குறைவாக நடக்கும்.

அதனால் குளோரின் வகையிலேயே என் தேர்வு சோடியம் டைகுளோரோஐசோசயனூரேட். மாத்திரையாகவோ தூளாகவோ வருகிறது, குடிதண்ணீர் சுத்திகரிப்புக்கும் பயன்படுகிறது. ஈரம் படாமல் வைத்தால் வீரியம் கெடாது, கரைசலின் காரம் ஏறாது, ஊழியர் மூடியால் ஊற்றி அளக்க வேண்டியதில்லை. ப்ளீச்சிங் பவுடரை மட்டும் மெஷினுக்குள் விடாதீர்கள். அதன் கரையாத சுண்ணாம்பு வால்விலும் ஓ-ரிங்கிலும் உட்காரும்.

எந்தக் குளோரினும் அளவு மீறினாலோ ராத்திரி முழுக்க ஊறவிட்டாலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். அந்தப் புள்ளிகளில் பால் தங்கும். கறை நீக்கும் அமிலத்தோடு குளோரின் கலந்தால் விஷவாயு வரும். இரண்டு கேன்களையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். புதிதாகச் சேரும் ஆளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

குவாட் எனப்படும் குவாட்டர்னரி அம்மோனியம் வகை வாசனை இல்லாதது, உலோகத்தை அரிக்காது, கையையும் அவ்வளவாகப் பாதிக்காது. பொதுவாக 200 பிபிஎம். ஆனால் கடினநீரில் வீரியம் குறைகிறது, சோப்பு மிச்சம் இருந்தால் செயலிழக்கிறது, பரப்பில் ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகிறது. கவுன்டர் துடைக்க, மெஷினின் வெளிப்பக்கத்துக்கு அருமையானது. உள்ளே எனக்கு விருப்பமில்லை.

பெராசெடிக் அமிலம் மூன்றிலும் திறமையானது. குளிர்ந்த நீரிலும் வேலை செய்யும், கடினநீர் தடையில்லை, கடைசியில் வினிகர் அமிலம், தண்ணீர், ஆக்ஸிஜன் என்று பிரிந்துவிடும். ஆனால் அடர்கரைசலின் நெடி மூச்சை அடைக்கும், தோலைச் சுடும், பித்தளையையும் செம்பையும் தின்னும். பயிற்சி பெற்ற ஆளும் காற்றோட்டமும் உள்ள ஐஸ்கிரீம் ஃபேக்டரிக்குச் சரி. எட்டுக்குப் பத்து கடையில், கையுறை இல்லாத பையனிடம் அதைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

எதை எடுத்தாலும் டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்குங்கள், மிகச் சின்னச் செலவு. ஆர்.ஓ. தண்ணீரில் கலக்குங்கள், பவுடர் மிக்ஸ் கரைக்கவும் அதே தண்ணீர்தான். 2011ஆம் வருட எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிகளின் நான்காம் அட்டவணை சுகாதார நடைமுறைகளைக் கேட்கிறது, அதற்கும் சேர்த்து ஒரு நோட்டில் தேதி, நேரம், கழுவியவர் கையெழுத்து எழுதி வையுங்கள்.

ஆக, ஒற்றை மெஷின் வைத்த தெருமுனைக் கடைக்கும் பேக்கரிக்கும் நான் சொல்வது சாதாரண மெஷின், தினமும் பிரஷ், குளோரின் மாத்திரை. மால், நெடுஞ்சாலை உணவகம், ராத்திரியும் கரன்டும் ஜெனரேட்டரும் இருக்கும் இடம் என்றால் சூடாக்கும் மெஷினை எடுக்கலாம், பதினாலாவது நாளைக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு.

பணம் கட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது. தினமும் கழுவப் போகிற ஆளையே டீலரிடம் கூட்டிப் போங்கள். அவர் கையாலேயே மெஷினை முழுக்கக் கழற்றிப் பூட்டட்டும். பிரஷ் செட், ஓ-ரிங் கிட், மேனுவல் மூன்றும் விலையோடு வருகிறதா என்று பாருங்கள். பின்பக்க சீல் கைக்கு எட்டவில்லை என்று அவர் சொன்னால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.