முடிந்துபோன வழக்குக்கு ஒன்பது வாய்தா

எங்கள் அம்மா எழுபத்திரண்டு வயதுக்காரர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீல் குமாஸ்தாவிடம் ஐந்நூறு ரூபாய் கொடுத்து, தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைப்பார். அந்த வட்டங்களில் ஒன்பது, வழக்கு முடிந்த பிறகு போட்டவை. அது எங்களுக்கு, கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா வாசலில் வந்து நின்ற அன்றுதான் தெரிந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊர் தஞ்சை மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். கொல்லைப்புறத்தில் மூன்றரை சென்ட் இடம் தங்களுடையது என்று பக்கத்து வீட்டார் 2022 ஜூனில் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். உறவினர் ஒருவர் சொன்ன வக்கீலிடம் போனோம். முன்பணம் இருபதாயிரம். அசல் கிரயப் பத்திரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். அம்மா வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "கவலைப்படாதீர்கள் அம்மா, எதிர்த்தரப்பு வாய்தா வாங்கியிருக்கிறது." போனில் பிடித்தால், "சார் ஹைகோர்ட்டுக்குப் போயிருக்கிறார்" என்பார் குமாஸ்தா.

உண்மை என்னவென்றால், வழக்குக்கு எங்கள் பதிலான எதிருரையே தாக்கலாகவில்லை. சம்மன் கிடைத்து முப்பது நாளில் போட வேண்டியது. கோர்ட் அனுமதித்தால் தொண்ணூறு நாள். இரண்டும் ஓடிப்போய், 2023 பிப்ரவரியில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டது. 2024 நவம்பரில் இடத்தைச் சுவாதீனம் எடுத்துக் கொடுக்க அமீனா வந்தார். அன்று இரவு என் மகன் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் அம்மாவின் பெயரைப் போட்டுத் தேடினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வழக்கின் ஒவ்வொரு தேதியும், எங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாததும், தீர்ப்பும் அதில் வரிசையாக இருந்தன. இருபத்தொரு மாதமாக யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்ததை நாங்கள் மட்டும் பார்க்கவில்லை. இதில் என் பங்கும் உண்டு, படித்தவள் நான்.

ஆனால் என்னைச் சுட்டது வேறொன்று. புது வக்கீலைத் தேடி மறுநாள் கோர்ட் வளாகத்துக்குப் போனேன். வாசல் டீக்கடையில் முன்பின் அறியாத ஒரு குமாஸ்தா, பழைய வக்கீலின் பெயரைக் கேட்டதும் சிரித்தார். "அவரா? கட்சிக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுக்காததற்கு முன்பே ஆறு மாதம் சஸ்பெண்ட் ஆனவராயிற்றே, உங்களுக்குத் தெரியாதா?" பிறகு விசாரித்தால், வளாகத்தில் ஸ்டாம்ப் விற்பவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தது பணம் கொடுப்பவர்களுக்கு மட்டும்தான்.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவின்படி, வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஒரு வக்கீலைக் கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம். அதை எதிர்த்து இந்திய பார் கவுன்சிலுக்கும், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆக, தண்டனை என்பது முறையான ஓர் ஆவணம். ஆனால் ஒரு வக்கீலின் பெயரைத் தட்டினால் அவருடைய தண்டனை வரலாறும் சேர்ந்து வரும் பக்கம் ஒன்றை நான் தேடிய இடங்களில் காணவில்லை. கலிபோர்னியாவில் இருக்கும் என் தங்கை இதைக் கேட்டு நம்பவே இல்லை. அந்த மாநில பார் அமைப்பின் தளத்தில் பெயரைப் போட்டால், அவர் இப்போது தொழில் செய்யலாமா, எப்போது, எதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்பதெல்லாம் வந்துவிடுகிறது. சொந்தப் பெயரை வைத்து வீடியோ அழைப்பிலேயே காட்டினாள். அவள் வக்கீல் இல்லை என்பதால் ஒன்றும் வரவில்லை, அது வேறு.

அங்கேயும் எல்லாம் பொன்னாக இல்லை. டாம் ஜிரார்டி என்ற பெரிய வக்கீல் மீது நாற்பது ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட புகார்கள் போயிருந்தும், அவர் 2022இல்தான் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். அதற்குள் இந்தோனேசியாவின் லயன் ஏர் விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் போக வேண்டிய பணம் வரை கரைந்திருந்தது. கட்சிக்காரர்களின் பணத்தைச் சுருட்டிய வழக்கில் 2024இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனை ஆன பிறகுதான் பதிவேடு பேசும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் வக்கீலுக்குத் தண்டனை ஆகியே இருந்ததே!

எங்கள் வழக்குக் காகிதக் கட்டைப் பழைய வக்கீலிடம் திருப்பிக் கேட்டபோது, மீதி ஃபீஸ் பதினைந்தாயிரம் வைத்தால்தான் தருவேன் என்றார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ள அவர் போட வேண்டிய சம்மதக் கையெழுத்தும் அதோடு சேர்த்துத்தான். இதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: ஃபீஸ் பாக்கிக்காக கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது என்று ஆர்.டி.சக்சேனா வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று யோசித்தேன். அந்தக் கதவை 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே அடைத்துவிட்டது. மிச்சம் பார் கவுன்சில்தான். புகாரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும் என்று சட்டத்தில் இருக்கிறது.

புகாரில் எங்களுக்குக் கைகொடுப்பது பணம் அனுப்பிய ரசீதுகள்தான். குமாஸ்தா கையில் கொடுத்த ஐந்நூறுகளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அம்மாவின் காலண்டரைத்தான் படமெடுத்து இணைத்திருக்கிறேன். வக்காலத்தில் கையெழுத்துப் போடும் அன்றே வக்கீலின் பதிவு எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்குக்கு எண் ஆனதும் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கைத் தேட உதவும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குகிறவரிடம் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். கோர்ட் வாசலில் ஒரு டீ குடித்துவிட்டுப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். வெட்கக்கேடுதான், ஆனால் எனக்குக் கிடைத்த ஒரே பதிவேடு அந்த டீக்கடைதான்.

தீர்ப்பை ரத்து செய்ய முப்பது நாள்தான் கெடு என்பதால், அறுநூறு நாளைத் தாண்டிய தாமதத்தை மன்னிக்கும்படி புது வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். வக்கீலின் தவறுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று 1981இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை நம்பியிருக்கிறோம். எதிர்த்தரப்போ, இத்தனை நாள் தூங்கினீர்களா என்று கேட்கிறது. இப்போது வாய்தாத் தேதியை அம்மாவே போனில் பார்த்துவிட்டுத்தான் காலண்டரில் வட்டமிடுகிறார். அசல் கிரயப் பத்திரம் இன்னும் பழைய வக்கீலின் அலமாரியில் இருக்கிறது.