பழைய வீட்டுக்குப் புது முகப்பு: ஆறு ஆண்டுகளில் எது நின்றது, எது உதிர்ந்தது

அறுபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த எங்கள் வீட்டின் முகப்பைச் சீரமைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வேலை முடிந்த வாரத்தில் வாசலில் நின்று எடுத்த புகைப்படம் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்தே இதை எழுதியிருந்தால் செய்த எல்லாவற்றையும் புகழ்ந்திருப்பேன். அதில் சரிபாதியை இப்போது நானே மாற்றிவிட்டேன்.

முதலில் வண்ணம். வாசல் தூண்களுக்கும் மேற்குச் சுவருக்கும் ஆழ்ந்த சிவப்பு, மற்ற இடங்களுக்கு வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை, மாடியின் கைப்பிடிச் சுவரையொட்டி ஒரு காவிப் பட்டை. சிவப்பு எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. மூன்றாம் ஆண்டு தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது மேற்குச் சுவரில் சாய்ந்துவிட்டேன். சேலையில் சிவப்புத் தூள் ஒட்டிக்கொண்டது. வெயிலின் புறஊதாக் கதிர் பெயிண்டில் உள்ள பசையைச் சிதைத்துவிடுகிறது. பிடிமானம் இழந்த நிறமித்துகள் தூளாக மேலே வந்துவிடுகிறது. பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் பலவற்றில் இருப்பவை கரிம நிறமிகள். வெயிலில் அவை வேகமாக வெளுக்கின்றன. அதே மேற்கு வெயிலில் காயும் காவிப் பட்டை அன்று இருந்தபடியே இருக்கிறது, ஏனென்றால் அதன் நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருவது. வெயில் விழும் சுவருக்கு மண்ணின் நிறங்களைத் தாண்டி இனி நான் போவதாக இல்லை.

வண்ண அட்டையில் பார்ப்பதும் சுவரில் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கட்டைவிரல் அளவுச் சதுரத்தில் அடக்கமாகத் தெரிந்த மஞ்சள் முழுச் சுவரில் கூவியது. இரண்டாம் முறை ஒவ்வொன்றும் இரண்டடிச் சதுரமாக மூன்று நிறங்களை அடித்து, வெயில் படும் பக்கமும் நிழல் பக்கமும் காலை, மாலை என்று இரண்டு நாள் பார்த்த பிறகே தீர்மானித்தோம்.

அடுத்த கதைதான் நீளமானது. பெயிண்ட் அடித்த நான்காம் மாதம் மழை வந்தது. மழை விட்ட பத்தாம் நாள் முன் ஜன்னலுக்கு மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் கீறினால் அப்பளம்போல் உரிந்து உள்ளே ஈரச் சுவர் தெரிந்தது. பெயிண்டரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் பதில் பேசாமல் மறுநாள் ஒரு வயதான கொத்தனாரை அழைத்துவந்தார். கொத்தனார் ஏணியைச் சாய்த்து, ஜன்னலின் சன்ஷேட் அடியில் கையை விட்டுத் தடவிவிட்டு இறங்கினார்.

“அம்மா, பெயிண்டைத் திட்டாதீர்கள். நீங்களே ஏறி இதைத் தொட்டுப் பாருங்கள்.”

ஏறினேன். சன்ஷேட்டின் அடிப்பகுதி, வெளி விளிம்பிலிருந்து சுவர் வரைக்கும், ஈரமாக இருந்தது. வீட்டைக் கட்டியவர்கள் விளிம்பை ஒட்டி அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு காடி, அதாவது நீளமான பள்ளம், எடுத்திருந்தார்கள். மழைநீர் விளிம்பில் அப்படியே சொட்டிவிடுவதில்லை. பரப்பைப் பற்றிக்கொண்டு அடிப்பக்கமாகவே சுவரை நோக்கி ஊர்ந்து வரும். காடியின் ஓரத்துக்கு வந்ததும் மேலே ஏற முடியாமல் சொட்டாகக் கீழே விழுந்துவிடும். அந்தக் காடி செய்கிற வேலை இவ்வளவுதான். அறுபது ஆண்டுகளில் அடித்த ஒவ்வொரு பூச்சும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்திருந்தது. மிச்சம் இருந்ததையும், பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பூசிய எங்கள் பட்டி மொத்தமாக மூடிவிட்டது. ‘வழவழவென்று இருக்க வேண்டும்’ என்று கேட்டு வாங்கியது நான்தான்.

கொத்தனார் உளியால் காடியைத் திரும்ப எடுத்தார். சன்ஷேட்டின் மேல்பரப்பில் தண்ணீர் தேங்கிய பள்ளத்தை நிரப்பி வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்தார். உரிந்த இடத்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசி, பெயிண்டைத் தொடாமல் நான்கு வாரம் விட்டோம். புதுச் சிமெண்டுப் பூச்சில் காரத்தன்மை அதிகம். அது தணிவதற்குள் அடித்தால் நிறம் திட்டுத் திட்டாகக் கெடும். முதல் முறை ஒட்டுப் போட்ட இடங்களுக்கு ஒரு வாரத்தில் அடித்தோம். அந்தத் திட்டுகள் இன்றும் தெரிகின்றன. காடி எடுத்த ஜன்னலில் ஆறு ஆண்டில் ஒரு கொப்புளம்கூட வரவில்லை. முகப்புக்காகச் செய்தவற்றில் மிகக் குறைந்த செலவும் இதற்குத்தான் ஆனது.

பழைய வண்ண அடுக்குகளைத் தேய்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பல பத்தாண்டுகளுக்கு முன்பு அடித்த பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உப்புத்தாளை உலர்ந்த சுவரில் ஓட்டித் தூசியைக் கிளப்பாமல் நனைத்துத் தேய்ப்பதும், முகக்கவசம் போடுவதும், அந்த நாட்களில் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் இருப்பதும் நல்லது.

நான் அதிகம் வருந்துவது சுவரின் அடிப்பகுதியில் ஒட்டிய கல் டைல்ஸுக்குத்தான். தரையிலிருந்து மூன்றடி உயரம், கருஞ்சாம்பல் நிறம், பார்க்கக் கம்பீரம். எங்கள் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர். நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும், பிறகு தன் பரப்பு வழியாகவே ஆற்றிக்கொள்ளும். டைல்ஸை ஒட்டி அந்த மூச்சை நாங்கள் அடைத்துவிட்டோம். ஈரம் போக இடமில்லாமல் மேலே ஏறியது. இரண்டாம் ஆண்டு முடிவில் டைல்ஸுக்குச் சரியாக ஒரு சாண் மேலே கோடு கிழித்ததுபோல் வெள்ளையாக உப்புப் பூத்தது. துடைத்தால் போகும், அடுத்த மாதம் வரும். போதாக்குறைக்குச் சுவரை ஒட்டியே பூப்பாத்தி கட்டி மண்ணை உயர்த்தி நாள்தோறும் தண்ணீர் வேறு ஊற்றிக்கொண்டிருந்தேன். நான்காம் ஆண்டு டைல்ஸைப் பெயர்த்தோம். பாத்தியை இரண்டடி தள்ளி, மண் மட்டத்தைத் தாழ்த்தி, அந்தப் பகுதிக்குச் சுண்ணாம்புப் பூச்சே கொடுத்தோம். கம்பீரம் போய்விட்டது. உப்பும் போய்விட்டது.

கேட்டைப் பற்றிச் சொல்லக் குறை அதிகமில்லை. கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியும்வரை துருவைச் சுரண்டி, அன்றே துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு பிரைமர், பிறகு இரண்டு கை எனாமல். சுரண்டிய இரும்பை ஓர் இரவு திறந்து போட்டாலே மறுபடி துரு பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால்தான் அந்த அவசரம். கேட்டின் அடிச்சட்டத்துக்குக் கீழே மட்டும் பிரஷ் போகவில்லை. குனிந்து பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. ஐந்தாம் ஆண்டு துரு சரியாக அங்கேதான் புறப்பட்டது.

வாசல் கதவுக்குப் பளபளப்பான வார்னிஷ் அடித்தோம். மாலை வெயில் நேராக விழும் கதவு அது. பதினெட்டு மாதத்தில் பாம்புச் சட்டைபோல் உரிந்தது. முழுவதும் சுரண்டிவிட்டு மரத்துக்கான எண்ணெய்க்கு மாறினேன். மின்னாது, ஆண்டுக்கு ஒருமுறை அரை நாள் உட்கார்ந்து துணியால் தேய்க்க வேண்டும். ஆனால் உரிவதற்கு மேலே படலமே இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது, என் கணவருக்கு அந்தப் பளபளப்பு இன்னும் கனவில் வருகிறது.

சுவரில் ஏற்றிய கொடியை அத்தைக்கு மிகவும் பிடிக்கும், அதனால் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். இரண்டு ஆண்டு அழகாக இருந்தது. அதன் வேர் ஒரு விரிசலுக்குள் நுழைந்ததைப் பார்த்த அன்று பிடுங்கினோம். ஒட்டுவேர்களின் தடம் சுவரில் இன்னும் இருக்கிறது. இப்போது சுவரிலிருந்து தள்ளி ஒரு பந்தல் போட்டிருக்கிறோம், கொடியும் அத்தையும் சமாதானம். சூரிய ஒளி விளக்குகள் இரண்டாம் ஆண்டே பேட்டரி செத்து அணைந்தன. வாசலில் கம்பி இழுத்துப் போட்ட மஞ்சள் விளக்கு இரண்டும் இன்றுவரை எரிகின்றன.

வடக்குச் சுவரில் ஆண்டுதோறும் கரும்பாசி படியும். ஒருமுறை அழுத்த நீர் இயந்திரத்தை இரவல் வாங்கி அடித்தேன். பாசியோடு பெயிண்டின் ஓரமும் பெயர்ந்தது. இப்போது பிளீச்சிங் கரைசலை நீர்த்துப்போகக் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுகிறேன். பக்கத்துச் செடிகளை முன்னதாகத் தண்ணீரால் நனைத்துவிட வேண்டும். இதனோடு அமிலம் எதையும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

இந்த ஆண்டு முகப்புக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். வண்ண அட்டை வந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் பிரிக்கவில்லை. நேற்று ஏணியைச் சாய்த்து எல்லாச் சன்ஷேட்டுகளின் அடியிலும் கையை விட்டுப் பார்த்தேன். மாடி அறை ஜன்னலுக்கு மேலே குளவி ஒன்று காடிக்குள் மண்கூடு கட்டிப் பாதியை அடைத்திருக்கிறது.