ஹீலிக்ஸ் எடிட்டர்: கான்ஃபிக் எழுதாமலே கோட் எழுதலாம்

நியோவிம் என்ற கோட் எடிட்டர் பிடிக்கும், ஆனால் கான்ஃபிக் ஃபைல் எழுதி அதை நமக்கு ஏற்ற மாதிரி செட் பண்ணி முடிப்பதற்குள் சனி ஞாயிறு போய்விடுகிறது என்று புலம்புகிறவர்கள் ஹீலிக்ஸை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். டெர்மினலுக்குள் (கட்டளைகளை அடிக்கும் திரை) ஓடும் திறமூல எடிட்டர், ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது, முதல் வெளியீடு 2021-இல். விண்டோஸில் விங்கெட், மேக்கில் ப்ரூ என்று எந்த நிறுவல் கருவியில் போட்டாலும் ஒரே வரிக் கட்டளைதான்.

நியோவிமைக் குறை சொல்ல வரவில்லை. அதுவும் 2021-இல் வந்த 0.5 பதிப்பிலேயே எல்எஸ்பி கிளையன்ட்டை (கோடைப் படித்துப் பிழை காட்டும் லாங்வேஜ் சர்வரோடு பேசும் பகுதி) உள்ளே கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் ஃபைல் தேட ஒரு பிளக்இன் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்), அடுத்து என்ன கீ என்று காட்ட ஒரு பிளக்இன், இதையெல்லாம் கட்டி மேய்க்க ஒரு பிளக்இன் மேனேஜர் என்று போய்க்கொண்டே இருக்கும், ஒன்றை அப்டேட் செய்தால் இன்னொன்று முறைத்துக்கொள்ளும். லேஸிவிம் மாதிரி ரெடிமேட் கட்டமைப்பைப் போட்டால் தப்பிக்கலாம். ஏதாவது உடைந்தால் மட்டும் யாரோ லுவா மொழியில் எழுதிய கான்ஃபிக் ஃபைல்களுக்குள் நாம் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஹீலிக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது, 'எச்எக்ஸ் --ஹெல்த்' (hx --health) என்ற கட்டளை. எச்எக்ஸ் என்பதுதான் ஹீலிக்ஸைத் திறக்கும் கட்டளையின் பெயர். பின்னாடி பைதான் என்று சேர்த்துக் கொடுத்தால், அந்த மொழிக்கு எந்த லாங்வேஜ் சர்வர்களைத் தேடுகிறது, அதில் எது உங்கள் மெஷினில் இருக்கிறது, எது இல்லை என்று டிக்கும் பெருக்கல் குறியும் போட்டுக் காட்டிவிடும். பெருக்கல் குறி விழுந்த சர்வரை நிறுவிவிட்டு எடிட்டரைத் திறந்தால் ஆட்டோ கம்ப்ளீட், பிழை காட்டுவது, டெஃபனிஷனுக்குத் தாவுவது எல்லாம் வந்துவிடும், கான்ஃபிக்கில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். ரஸ்ட், கோ இரண்டுக்கும் சேவ் செய்யும்போதே ஃபார்மேட்டும் நடந்துவிடுகிறது. ஏன் வேலை செய்யவில்லை என்று எடிட்டரே சொல்லிவிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கூகுளில் பாதி ராத்திரி தேடியவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் ஸ்பேஸ் பார். எழுத்து அடிக்காமல் கட்டளை கொடுக்கும் நிலையில் அதைத் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, எந்த எழுத்தைத் தட்டினால் என்ன நடக்கும் என்று பட்டியல் காட்டுகிறது: எஃப் ஃபைல் தேட, ஆர் பெயர் மாற்ற, சாய்கோடு ப்ராஜெக்ட் முழுக்கத் தேட. ஜி தட்டினாலும் அதேபோல இன்னொரு பட்டியல். மனப்பாடம் பண்ண வேண்டியது பாதியாகக் குறைந்துவிடுகிறது.

நியோவிமுக்கு மூலமான விம்மில் பழகிய விரல்களுக்கு மட்டும் முதலில் எரிச்சலாக இருக்கும். அங்கே ஒரு வார்த்தையை அழிக்க டி, டபிள்யூ. இங்கே டபிள்யூ, டி. முதலில் தேர்வு, பிறகுதான் செயல். ககூன் எடிட்டரிலிருந்து எடுத்த யோசனை இது. என்ன அழியப்போகிறது என்பது அழிவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிறது, அதுதான் லாபம். ஒரு வேரியபிள் பெயரை ஃபைல் முழுக்க மாற்ற வேண்டுமா, சதவீதக் குறி தட்டினால் முழு ஃபைலும் தேர்வாகும், எஸ் தட்டி அந்தப் பெயரை அடித்து என்டர் கொடுத்தால் அது வரும் இடத்தில் எல்லாம் ஒரு கர்சர் நிற்கும், சி தட்டிப் புதுப்பெயரை அடித்தால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மாறும். இதற்குப் பழகிய பிறகு விம்மின் பதிலீட்டுக் கட்டளை பக்கம் போக எனக்கு மனசு வரவில்லை.

குறைகளும் உண்டு. அதிகாரப்பூர்வ வெளியீட்டில் பிளக்இன் வசதியே இல்லை. ஸ்கீம் மொழியை வைத்து அதற்கான வேலை ரொம்ப நாளாக நடக்கிறது. கிட் (கோட் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) வேலையை எடிட்டருக்குள்ளேயே முடிக்கிறவர்கள், ஜுபிட்டர் நோட்புக்கில் குடியிருக்கிறவர்கள் விஎஸ் கோட் எடிட்டரிலேயே இருப்பது நல்லது. டீபக்கர் (கோடை ஓட்டிப் பார்த்துப் பிழை தேடும் கருவி) இருக்கிறது, ஆனால் இன்னும் சோதனை நிலையில்தான். ஒய் தட்டிக் காப்பி செய்தது பிரவுசரில் பேஸ்ட் ஆகாது, அதற்கு ஸ்பேஸும் ஒய்யும் சேர்த்துத் தட்ட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் திணறும் இடம் இது, இதை ஏன் இப்படி வைத்தார்களோ.

தமிழில் கமென்ட் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பல டெர்மினல்களில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், காலொரு பக்கம் பிய்ந்து நிற்கும், கர்சரும் எழுத்துக்கு நேராக நிற்காது. டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் சம அகலக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்ப்பதால் வருகிற தொல்லை, விம்மிலும் இதே கதைதான். தமிழ் நிறைய எழுதுகிற ஃபைல்களுக்கு நான் தனி விண்டோவில் திறக்கும் எடிட்டரைத்தான் பயன்படுத்துகிறேன்.

மற்றபடி பைதான், கோ, ரஸ்ட் என்று எழுதுகிறவர்கள், தொலைவில் உள்ள சர்வரில் எஸ்எஸ்எச் இணைப்பு வழியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் தயங்காமல் போடலாம். 'எச்எக்ஸ் --ட்யூட்டர்' (hx --tutor) என்று கொடுத்தால் கூடவே வரும் பாடம் திறக்கும், அதை முடித்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். ஆர்ச் லினக்ஸ்காரர்கள் மட்டும் எச்எக்ஸ் இருக்கும் இடத்தில் ஹீலிக்ஸ் (helix) என்று முழுசாக அடிக்க வேண்டும்.